அத்தான் பேர்ல போடு

புதன்கிழமைக் கூட்டம் என்றாலே அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் முகம் சுண்டிவிடும். சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயமும் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. ஏ.சி. ஒன்று பல்லைக் கிட்ட வைக்கும், இல்லையென்றால் செத்துக் கிடக்கும். சுவரில் விழும் திரையில் ஏதோ ஒரு ஃபைலின் பழைய வரி சிவப்பிலும் புது வரி பச்சையிலும் நிற்கும். வரிகளைக் காட்டும் சின்னவள் எழுந்து கேட்பாள்: "இது யாரோடது?" ஆறு பேரும் அவரவர் நகத்தைப் பார்ப்பார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் கதை பிடிபடாது. அது மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் ஒரு கிடங்கு நிறுவனம். குளிர் அறைகளைக் கவனிப்பது, வண்டிகளை அனுப்புவது, கதவு திறப்பது என்று எல்லாவற்றுக்கும் செர்வர்கள். எந்தச் செர்வரில் என்ன ஓடுகிறது என்று மனிதன் குறித்து வைத்துத் தீராது என்பதால் அதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. தினமும் அது ஒவ்வொரு செர்வராகக் கதவைத் தட்டி உள்ளே போய் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும். அதோடு விடாது. எத்தனை டிகிரி தாண்டினால் மணி அடிக்கவேண்டும், யாருக்குத் தகவல் போகவேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்த கான்ஃபிக் ஃபைல்கள் இருக்குமல்லவா, அவற்றையும் ஒரு பிரதி எடுத்து வந்து முந்தைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிடும். எது மாறியது என்று சொல்லும், எந்த நாள் என்று சொல்லும். யார் மாற்றினார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. எப்படித் தெரியும்? செர்வருக்குள் போவதற்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அது தப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தரும் அதை மாற்றவில்லை.

அதனால்தான் இந்தக் கூட்டம். மாறிய வரிக்குப் பக்கத்தில் "பொறுப்பாளர்" என்று ஒரு காலிக் கட்டம் இருக்கும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியவர் கையைத் தூக்கி "என்னுது" என்று சொல்லவேண்டும். பெயர் ஏறினால்தான் அந்த வரி மூடும், எல்லா வரியும் மூடினால்தான் ஆட்கள் சாப்பிடப் போகலாம்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தவர் அத்தான். சின்னவளுக்கு அக்கா கணவர். அவளை அந்த வேலையில் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். வந்த புதிதில் அவள் வாய் தவறி எல்லோர் முன்னாலும் "அத்தான், இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டுத் தொலைத்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க அவர் அத்தான் ஆகிவிட்டார். மார்பு வரை தாடி வளர்த்த ஒரு தடியன் இருந்தான், அவன்கூடக் குழைந்துகொண்டு "அத்தான்" என்பான். "ஒரு மச்சினியே என்னைப் படுத்தற பாடு போதாதுன்னு, இவ்வளவு மச்சானுங்களா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை ஒரு வரிக்கு ஆளே கிடைக்கவில்லை. ஏதோ உப்புப் பெறாத வரி, பழைய பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது மாதிரி. கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அத்தான் வயிற்றைத் தடவிக்கொண்டே, "சரி, என் பேர்ல போட்டுத் தொலை. சாப்பாடு ஆறுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மனிதர் நல்லவர். நல்லவர்களுக்கு இந்த ஒரு வியாதி உண்டு, சும்மா இருக்கமாட்டார்கள்.

அதுவே பழக்கமாகிவிட்டது. யாருடையது என்று தெரியாத வரி, தெரிந்தும் ஒப்புக்கொள்ள மனமில்லாத வரி, எல்லாம் அத்தான் கணக்கில். முதலில் அவரைக் கேட்டுவிட்டுப் போட்டார்கள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போட்டார்கள். அப்புறம் அவர் அறையில் இல்லாதபோதும் போட்டார்கள்.

அவர் அறையில் இல்லாத நாட்கள் ஏன் வந்தன என்றால், அவருக்குத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் தன் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். படம் எடுத்துப் பார்த்தபோது மூளையில் கட்டி. அக்கா அன்றைக்கு அழுத அழுகை சின்னவளுக்கு இப்போதும் காதில் நிற்கிறது.

அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார். கட்டி கெட்ட கட்டியில்லை என்று சொன்னார்கள். ஆனால் மருந்துகள் மனிதரைப் படுத்தி எடுத்தன. சும்மா படுத்திருக்கச் சொன்னால் கேட்பாரா? வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதையாவது தட்டுவார், அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அந்த மாதங்கள் அவருக்கு ஓட்டை விழுந்த துணி மாதிரிதான் நினைவில் இருந்தன.

இங்கே கூட்டத்தை நடத்தும் முழுப் பொறுப்பும் சின்னவளுக்கு வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருவரும் அவர் பெயரைப் போடவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடவேண்டாம். விடுப்பில் இருப்பவர் பெயரை மென்பொருள் ஏற்காது, அதனால்தான். அவர் வீட்டிலிருந்து வேலையில் சேர்ந்ததுதான் தாமதம், பெயர் மறுபடியும் ஏற ஆரம்பித்தது. "அத்தான் பேர்ல போடு" என்று ஒருத்தன் சொல்வான், இன்னொருத்தன் "வாழ்க அத்தான்" என்பான். சின்னவளும் சிரித்துக்கொண்டே போட்டாள். அவளை மட்டும் தனியாகப் பிரித்து நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படி ஒரு புதன்கிழமை அந்த வரி வந்தது. தடுப்பூசி வைத்திருக்கும் குளிர் அறையில் சூடு ஏறினால் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு மணி அடிக்கவேண்டும் என்ற வரி. சிவப்பில் பத்து நிமிடம் என்று இருந்தது, பச்சையில் அறுநூறு.

"இது யாரோடது?" என்றாள் சின்னவள்.

தாடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் மணியைக் கவனிக்கும் முறை அவனுடையதுதான். மணி அடித்தால் அவன் போனில்தான் அடிக்கும். சரக்கு ஏற்றக் கதவைத் திறந்து வைத்தாலே அது அடித்துத் தொலைக்கும், அதற்காக அவன் கிடங்குக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தான். சின்னவளுக்குச் சந்தேகம் வராமலில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நிமிர்ந்து, "என்ன, என் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா? அத்தான் பேர்ல போடும்மா, பசி உயிர் போவுது" என்றான்.

அக்காவை மருந்துக் கடைக்குக் கூட்டிப் போகவேண்டும் என்ற நினைப்பு அவளுக்கு. வரியை மூடிவிட்டு, திங்கள் கிழமைக்குள் பழையபடி பத்தாக மாற்றச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். திங்கள் வந்தது, போனது. அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

சில வாரங்களில், அத்தான் வீட்டிலிருந்து பார்த்த வேலையையும் விட்டு முழு ஓய்வில் இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் அந்த அறையின் மோட்டார் நின்றது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை. அடித்தபோது உள்ளே இருந்ததெல்லாம் வெளிச் சூட்டுக்கு வந்திருந்தது. பச்சைக் குழந்தைகளுக்குப் போகவேண்டிய மருந்து, பெட்டி பெட்டியாகக் குழியில் கொட்டினார்கள். யாரும் சாகவில்லை, அந்த மட்டில் தப்பித்தது. ஆனால் மருந்துக்குச் சொந்தக்காரர்கள் விடுவார்களா? யார் மாற்றியது, ஒரு பெயர் சொல்லுங்கள் என்று மேலாளரின் கழுத்தைப் பிடித்தார்கள்.

மேலாளர் சின்னவளிடம்தான் கேட்டார். "அனுமதி இல்லாம மாத்தின வரி எல்லாம், யார் யார் பேர்ல இருக்குன்னு எடுத்துக் குடும்மா."

எடுத்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாக ஒரே பெயர். மற்ற ஆறு பேர் பெயரும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்க, மீதியெல்லாம் அத்தான். அந்த அறுநூறு நிமிட வரிக்குப் பக்கத்திலும் அவர்தான். தெரியாதவர் பார்த்தால், ஒரு மனிதன் மூளை குழம்பிப்போய்க் கண்ணில் பட்ட செர்வரையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்.

தாளைத் தூக்கிக்கொண்டு தாடியிடம் ஓடினாள். அவன் படிக்கட்டுப் பக்கம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நீதான மாத்தினே? உண்மையச் சொல்லு."

"யார் மாத்தினா என்ன இப்ப? எத்தனை வரியை நாம எல்லாரும் சேர்ந்து அவர் தலையில கட்டியிருக்கோம், தெரியுமில்ல? ஒண்ணைத் தொட்டா எல்லாம் சரியும். மொத ஆளா உன் சீட்டுத்தான் கிழியும், டைப் பண்ணினது நீ."

"அவர் திரும்ப வேலைக்கு வர்றார்டா. டாக்டர் சரின்னுட்டார்."

"அதான் சொல்றேன். உடம்பு சரியில்லாத மனுஷனை யார் என்ன செய்யப் போறாங்க? பேருக்கு ஒரு விசாரணை வைப்பாங்க. பாவம், மருந்து மயக்கம்னு விட்டுடுவாங்க. நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அவன் சொன்னதில் பாதியை அவள் நம்பினாள். நம்பினால் சௌகரியமாக இருந்தது, வேறென்ன.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள், சொல்லிவிடவேண்டும் என்றுதான். உள்ளே நுழைந்தால் அத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார், வாய் நிறைய சீட்டி. தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக மூடவில்லை.

"நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா? திரும்பச் சேர்றதுக்கு முன்னாடி ஏதோ பேசணுமாம்" என்றார். "எனக்கு என்ன பயம்னா, கடவுச்சொல் மறந்திருப்பேனோன்னுதான். உக்காந்து எழுதிப் பாத்தேன். மறக்கல!"

அக்கா தங்கையை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்: "இத்தனை மாசத்துல இன்னிக்குத்தான்டி சீட்டி அடிக்கறார். வீட்டுல சுவத்தை வெறிச்சு வெறிச்சுப் பாத்து என் உயிரை எடுத்தார். அந்த வேலை மட்டும் கிடைக்கலேன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். நீ அங்க இருக்கேன்னுதான் எனக்குத் தைரியம்."

சின்னவள் சொல்லவில்லை. அக்கா மகள், எட்டு வயதுக் குட்டி, வந்து மடியில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதைகள் அளந்தாள். அவற்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அதே ஜன்னல் இல்லாத அறை. மேலாளர், பணியாளர் துறையிலிருந்து ஓர் அம்மாள், அத்தான். திரையில் வரிகளைக் காட்டச் சின்னவள். அதுதானே அவள் வேலை. முதல் பக்கத்தைப் பார்த்ததும் அத்தான் சிரித்தார். "இது நான் விளையாட்டா என் பேர்ல போடச் சொன்னது சார்." இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். அறுநூறு வந்தது.

"இதுதான் அது" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அத்தான் வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"புரியுது. அப்ப நீங்க வீட்டுலேர்ந்து வேலை பாத்துட்டிருந்தீங்க. மருந்துல இருந்தீங்க."

"ஆமா." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கதவைத் திறந்து வச்சா அது சும்மா சும்மா அடிக்கும். பசங்க தூங்கவே முடியாதும்பாங்க. அதுக்காக நேரத்தைக் கூட்டியிருப்பேன். அறுபதுன்னு போட நினைச்சு... ஒரு சுழி கூடப் போட்டிருப்பேன். கை நடுங்குமே அப்ப." அவர் அந்த வரிக்கு ஒரு காரணத்தைத் தானே உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தவன்கூட இத்தனை அழகாகச் சொல்லியிருக்கமாட்டான்.

சின்னவளுக்குத் தாங்கவில்லை. "நீங்க பண்ணல அத்தான்!" என்று கத்தியேவிட்டாள். "சார், அவர் பண்ணவே இல்ல. இதுல முக்காவாசி அவர் தொட்டதே கிடையாது. யாரும் ஒத்துக்காத வரியையெல்லாம் நாங்க அவர் பேர்ல போட்டுட்டு இருந்தோம். நான்தான் போட்டேன். இந்தக் கையாலதான். அந்த வாரம் தாடியோட முறை, அவனைக் கூப்பிட்டுக் கேளுங்க."

பணியாளர் துறை அம்மாள் எழுதுவதை நிறுத்தினாள். மேலாளர் சின்னவளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "உங்க அக்கா வீட்டுக்காரர் இல்ல இவர்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"அப்ப வாராவாரம் எனக்கு நீ அனுப்பின பட்டியலெல்லாம் பொய்யா?"

"ஆமா."

"யோசிச்சுப் பேசும்மா. இந்த நிமிஷம் வரைக்கும் சொல்லாம, அவர் மாட்டிக்கிட்ட அப்பறம் சொல்றே."

தாடியைக் கூப்பிட்டார்கள். வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முறை தன்னுடையதுதான் என்றான். வரியைப் பற்றி எதுவும் ஞாபகமில்லை என்றான். யாராவது யார் பெயரையாவது போடச் சொன்னார்களா என்று கேட்டபோது, "அத்தான் நல்ல மனுஷன் சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்திருந்தது.

சின்னவள் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்புங்க அத்தான். சத்தியமாச் சொல்றேன்."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கண்ணில் நீர் நின்றது. "எனக்காக நீ பழியை ஏத்துக்காதம்மா. உன்னை எனக்குத் தெரியாதா? நான் ஆஸ்பத்திரியில சாகக் கிடந்துட்டு வந்திருக்கேன், நீ என் பேர்ல இத்தனை அக்கிரமத்தை எழுதுவியா? அப்படிப்பட்ட பொண்ணா நீ?"

நான் அப்படிப்பட்டவள்தான் என்று அவள் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் பார்வையில் இரக்கம்தான் கூடியது. பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, "இவளை இதுல இழுக்காதீங்க சார். ஃபைல் மாறியிருக்கு, மென்பொருள் புடிச்சிருக்கு. அதை வச்சதே நான். நான்தான் பண்ணியிருப்பேன்" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மேலாளருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. நோயாளியின் பெயர் வேறு, யாரும் அதிகம் குடையமாட்டார்கள். உடல்நலக் காரணத்தால் வேலையிலிருந்து விடுவிப்பதாக மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். அந்த அம்மாள் எழுந்து வந்து அவருக்குக் கைகூடக் கொடுத்தாள்.

பேருந்தில் அத்தான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சின்னவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு நிறுத்தத்தில் திடீரென்று, "வேற என்னென்ன பண்ணியிருப்பேன்?" என்றார். அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போனாப் போகுது விடுங்க, உசிரா போச்சு?" என்று அவர் கையிலிருந்த பையை வாங்கினாள்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "இங்க வா. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். அந்த மாசங்கள்ல நான் உன்னை ஏதாவது பண்ணினேனா?"

"ஏதாவது பண்ணினீங்களாவா?"

"கை நீட்டினேனா? வாய்க்கு வந்ததைப் பேசினேனா? குழந்தையை?"

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே போய்விட்டது. "என்னங்க பேச்சு இது? நீங்க பாட்டுக்குத் தூங்கிட்டே இருந்தீங்க. ஒரு அதட்டல் போட்டது கிடையாது."

"சரி" என்றார் அவர். காலையில் சின்னவளின் கையைத் தட்டிக்கொடுத்த அதே கனிவோடு மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீயும் நல்லவ. சொல்லமாட்டே."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி பண்ணீங்க இவரை?"

அதற்குள் அத்தான் உள்ளே பார்த்துக் குட்டியைக் கூப்பிட்டுவிட்டார். குழந்தை வண்ணப் பென்சிலும் கையுமாக ஓடி வந்தது. அவர் தரையில் மண்டியிட்டு அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா உன்னை எப்பவாவது அடிச்சேனா, கண்ணு?"

குட்டி மிரண்டுபோய் அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாக்காம சொல்லு" என்றார் அத்தான்.